ஐந்து நாள் பொத்தி வைத்த சேதி

அக்கா,

இன்று காலை தோடம்பழம் வெட்டினேன். ஒரு பழத்தை நாலாகப் பிளந்து, ஒவ்வொன்றையும் பாதியாக்கி, எட்டுத் துண்டு. வெட்டி முடித்ததும் கை தன்பாட்டில் உப்புப் போத்தலையும் மிளகாய்த்தூள் போத்தலையும் தேடிப் போனது. வீட்டில் நான் ஒருத்தி. ஒருத்திக்கு எதற்கடி எட்டுத் துண்டு என்று கேட்கவும் ஆளில்லை. தூள் பழத்தில் பட்டு அந்த மணம் மூக்கில் ஏறியதுதான் தாமதம், குசினிக் கதிரையில் இருந்துவிட்டேன். இருந்து அழுதேன். மெல்லமாக இல்லை, மேல்வீட்டுக்காரி இறங்கி வந்து கதவைத் தட்டுகிற அளவுக்கு. நீங்கள் போய் இரண்டு மாதம் ஆகிறது. கோயிலில் உங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோதுகூட எனக்கு இப்படி வரவில்லை.

பள்ளிப் பிள்ளைகளின் பந்தடிக்குப் போன அந்த வருடம் முழுக்க வியாழக்கிழமைகளில் ஆட்ட இடைவேளைக்கு நாங்கள் கொடுத்தது இதுதான். மற்றப் பள்ளிகளின் தாய்மார் சீனி போட்ட எலுமிச்சைத் தண்ணீர் கொண்டுவருவார்கள். எங்கள் பிள்ளைகள் உப்பும் தூளும் போட்ட தோடம்பழம் சப்புவார்கள். முதல் நாள் சால்வோ, அந்தச் சிசிலிப் பெடியன், ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டுத் துப்பித் துள்ளின துள்ளு! மூன்றாவது கிழமை அவனே வந்து, "சிஞ்ஞோரா, இன்னும் கொஞ்சம் சிவப்புப் போடுங்கோ" என்று இத்தாலியனில் கேட்டுக் கை நீட்டினான். பிறகு எதிர்ப்பக்கத்துப் பெடியளும் ஒருத்தன் இரண்டு பேராக எங்கள் வாளியடிக்கு வரத் தொடங்கினார்கள். "காலாலை வெல்லேலாட்டிலும் வாயாலை வெண்டிட்டம் பிள்ளை" என்று சொல்லிச் சிரித்தீர்கள்.

அந்தப் பந்தடிக்குள் நான் எப்படி வந்தேன் என்று நினைத்தால் இப்போதும் கோபமும் சிரிப்பும் சேர்ந்துதான் வருகிறது. பலெர்மோ மாகாணத்துப் பள்ளிகள் எட்டு. நடத்தியது எந்தப் பெரிய சங்கமும் இல்லை. ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவரும், அவருடைய பழைய மாணவர்கள் சிலரும். அவரை எல்லோரும் புரொபெசோரே என்றுதான் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு பள்ளியும் பருவத் தொடக்கத்திலேயே இரண்டு பெரியவர்களின் பெயரைப் பதியவேண்டும். ஒருவர் பிள்ளைகளைப் பார்க்க, மற்றவர் கொடியோடு கோட்டில் நிற்க. சம்பளம் இல்லை, பஸ் காசும் சொந்தக் காசு. உங்கள் மகன் ஜெறோமின் பள்ளிக் கூட்டத்தில் இதைக் கேட்டதும் தாய் தகப்பன்மார் எல்லாம் கூரையைப் பார்த்தார்களாம். எங்கள் ஆண்களையோ கேட்கவே வேண்டாம், மொண்டெல்லோக் கடற்கரைச் சாப்பாட்டுக் கடைகளில் கோப்பை கழுவுகிறவர்களுக்கு எந்தக் கிழமை லீவு கிடைத்தது? வியாழன் பின்னேரமும் ஞாயிறும் லீவு உள்ளவர்கள் வீட்டு வேலை செய்கிற நாங்கள்தான். நீங்கள் கையை உயர்த்தினீர்கள். உயர்த்தியதோடு விடாமல், அந்தக் கூட்டத்தில் இல்லாத என் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தீர்கள்.

"எடியே, உன்னைக் கொடி பிடிக்கப் போட்டிருக்கிறன்."

"என்னது? என்னை ஆர் கேட்டது?"

"கேட்டால் நீ மாட்டன் எண்டுவாய். அதுதான் கேக்கேல்லை."

அன்றைக்கு அதைச் சொல்லி இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். உங்களுக்கு முப்பத்திரண்டு, எனக்கு இருபத்தெட்டு. நீங்கள் ஊரில் தீவுப்பகுதிக் கத்தோலிக்கப் பிள்ளை, நான் ஒவ்வொரு வெள்ளியும் விரதம் பிடிக்கிற சைவக்காரி. பந்து என்றால் இரண்டு பேருக்கும் ஒரு மண்ணும் தெரியாது. உங்கள் குசினி மேசையில் வெங்காயத்தையும் உள்ளிப் பூண்டையும் பரப்பி வைத்து ஜெறோம்தான் ஓப்சைட் சொல்லித் தந்தான். வெங்காயம் அவங்கட ஆக்கள், உள்ளி எங்கட ஆக்கள். பந்தை அடிக்கிற நேரத்தில் கடைசி இரண்டு வெங்காயத்தில் முன்னுக்கு நிற்கிற வெங்காயத்தையும் தாண்டி உள்ளி நின்றால் கொடி. நான் கோட்டில் நின்ற காலம் முழுவதும் பிள்ளைகளை ஆட்களாகப் பார்த்ததில்லை, வெங்காயமாகவும் உள்ளியாகவும்தான் பார்த்தேன். கொடியை உங்கள் பழைய சிவப்புச் சட்டைத் துணியில் தைத்துத் தந்தீர்கள்.

பிரான்காச்சோவில் மாடிக் குடியிருப்புகளுக்குப் பின்னால் இருந்த அந்தப் புல்லில்லாத மைதானத்தில், முதல் ஆட்டத்தில் ஏழு கோல் வாங்கினோம். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற ஒருத்தன், வேலைக்காரிகள் இரண்டு பேரை வைத்துப் பந்தடிக்க வந்திருக்கிறார்கள் என்று கத்தினான். நீங்கள் திரும்பிப் பார்த்து, உங்கள் உடைந்த இத்தாலியனில், "ஓம், வேலைக்காரிதான். நீ வா, நாளைக்கு உன்ரை வாயையும் கழுவி விடுறன்" என்றீர்கள். சுற்றி நின்ற சனம் உங்கள் பக்கம் சேர்ந்து சிரித்தது. அதற்குப் பிறகு ஒருத்தரும் எங்களைப் பற்றிக் கத்தவில்லை.

ஒரு விதி இருந்தது, நினைவிருக்கிறதா? எப்படி மறந்திருப்பீர்கள். பதிந்த இரண்டு பெரியவர்களில் ஒருவர் வராவிட்டாலும் அந்த ஆட்டத்துக்கு ஒரு தவறு. மூன்று தவறு என்றால் அந்தப் பள்ளியின் பெயரைப் பட்டியலில் இருந்தே எடுத்துவிடுவார்கள். விளையாடிய ஆட்டம் எல்லாம் விளையாடாத கணக்கு. சும்மா நடத்துகிற பந்தடி என்றபடியால் அந்த ஒரு விதியிலாவது இறுக்கமாக இருந்தால்தான் பெரியவர்கள் வருவார்கள் என்பது புரொபெசோரேயின் எண்ணம். நீங்கள் வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோரா குளியலறையில் விழுந்த வியாழன் முதல் தவறு. பஸ்காரர் வேலைநிறுத்தம் செய்த வியாழன் இரண்டாவது. அன்று நான் நடந்தும் ஓடியும் போய்ச் சேர்ந்தபோது ஆட்டம் பாதி முடிந்திருந்தது. புரொபெசோரே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்து, இன்னொரு தடவை என்றால் தன்னால் ஒன்றும் செய்ய ஏலாது, மற்றப் பள்ளிகள் ஏற்கனவே முணுமுணுக்கின்றன என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குள் அந்தப் பிள்ளைகள் வெல்லத் தொடங்கிவிட்டார்கள். பட்டியலைப் பள்ளி வாசலில் ஒட்டியிருந்தார்கள். சால்வோ ஒவ்வொரு காலையும் உள்ளே போகும்போது எங்கள் பள்ளியின் பெயரை விரலால் தொட்டுவிட்டுத்தான் போவானாம். தொட்டுத் தொட்டு அந்த இடத்தில் கடதாசி ஊத்தையாகிவிட்டது என்று ஜெறோம் வந்து சொன்னான். மூன்று பாடத்தில் தவறி, ஒரே வகுப்பில் இரண்டாம் வருடம் இருந்த பெடியன் அவன். அதைக் கேட்டுவிட்டு நீங்கள் என்னைப் பார்த்து, "இதுகளின்ரை பேரை அழிக்க விடக்கூடாது, என்ன?" என்றீர்கள். நானும் ஓமென்றேன். மனதாரத்தான் சொன்னேன். இதை நான் பிற்பாடு மறந்துபோனேன் அக்கா, வசதியாக மறந்துபோனேன்.

மே மாதம். கடைசி ஆட்டத்துக்கு முந்திய சனிக்கிழமை பின்னேரம் கொழும்பில் இருந்து என் அண்ணா உங்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். நான் என் சிஞ்ஞோரா வீட்டிலேயே தங்கி வேலை செய்தவள். அங்கே எனக்கு அழைப்பு வருவதை அந்த மனுசி விரும்பாது. அதனால் ஊருக்குக் கொடுத்தது உங்கள் இலக்கம். சண்டையில் இடம்பெயர்ந்து போன இடத்தில், யாரோ ஒருவருடைய காணிக்குள் போட்ட கொட்டிலில், காய்ச்சல் கண்டு அம்மா போய்விட்டா. பாதை இல்லாததால் சேதி கொழும்புக்கு வந்து சேரவே பன்னிரண்டு நாள் எடுத்திருந்தது. கொள்ளி வைத்து, சாம்பல் அள்ளி, எல்லாம் முடிந்திருந்தது. "அவள் தனிய இருக்கிறவள். பாத்துச் சொல்லுங்கோ" என்று அண்ணா சொல்லியிருக்கிறார். நீங்கள் ஓமென்று சொல்லிவிட்டு வைத்தீர்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பத்து மணிக்கு நான் வழமைபோல வந்தேன். வுச்சீரியாச் சந்தையில் இறங்கி ஒரு கிலோ மத்தி வாங்கிக்கொண்டு வந்தேன், நீங்கள் ஞாயிறென்றால் மீன் இல்லாமல் சோறு தின்னமாட்டீர்கள் என்பதால். பையை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "பழுதாப்போச்சு இது, உன்னை ஏமாத்திப்போட்டான்" என்று கொண்டுபோய்க் கீழே பூனைக்குப் போட்டீர்கள். எனக்கு வந்த ஆத்திரம்! கண் முழி தெளிந்த, செதில் மின்னுகிற மீன். அன்றைக்குக் கத்தரிக்காயும் பருப்பும்தான் சமைத்தீர்கள். பின்னேரம் வாடகை மண்டபத்தில் பிள்ளையார் படத்துக்கு முன்னால் பூசை இருந்தது, போய்விட்டு வாறன் என்று நான் எழும்ப, "கால் நோகுது, தனிய இருக்கேலாது, இண்டைக்குப் போகாதை" என்று மறித்தீர்கள். எந்தக் காலென்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு இடது என்றீர்கள்.

இதெல்லாம் பரவாயில்லை. பிறகு நான் உங்கள் வீட்டு ரேப் ரெக்கோடரை எடுத்து மேசையில் வைத்தேன்.

அடுத்த கிழமை யாரோ கொழும்புக்குப் போவதாக இருந்தது. கடிதம் எழுதினால் அம்மாவுக்கு வாசிக்கக் கண் தெரியாது என்று கசெற்றில் பேசி அனுப்புவது என் வழக்கம். உங்கள் முகம் அப்போது எப்படி இருந்தது என்று எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்திருக்கிறேன், நினைவில் வருவதில்லை. நான் உங்களைப் பார்க்கவில்லை. நான் அம்மாவோடு கதைத்துக்கொண்டிருந்தேன். இங்கே தங்குகிற பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கக் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் வரிசையில் நின்றதைச் சொன்னேன். வெங்காயத்தையும் உள்ளியையும் சொன்னேன். "அம்மா, உங்கட மகள் இப்ப கொடி பிடிக்கிறாள், ஊரிலை சொல்லிப்போடாதேங்கோ" என்று சொல்லிச் சிரித்தேன். செருப்புப் போடாமல் கிணற்றடிக்குப் போகவேண்டாம் என்றேன். அரை மணித்தியாலம். முடிவில் உங்களையும் பிடித்து இழுத்து, நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்கோ என்றேன். நீங்கள் மாட்டேன் என்று தலையாட்டினீர்கள். நான் விடவில்லை.

"அம்மா," என்றீர்கள். கொஞ்ச நேரம் கசெற் சும்மா சுற்றியது. "உங்கட பிள்ளையை நான் பாத்துக்கொள்ளுறன். நீங்கள் யோசிக்காதேங்கோ."

சொல்லிவிட்டு எழும்பிப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றீர்கள். எனக்கென்ன தெரியும்? ரேப்புக்குப் பேச வெட்கப்படுகிறீர்கள் என்று பகிடி பண்ணிவிட்டு, கொழும்புக்குப் போகிறவரிடம் கொடுக்கச் சொல்லிக் கசெற்றை உங்களிடமே விட்டுவந்தேன்.

வியாழக்கிழமை மைதானத்தில் ஆபிரிக்காப் பக்கத்துச் சூட்டுக் காற்று. மண் பறந்து கண்ணைத் திறக்க முடியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் நின்றாலே போதும், பெயர் நிற்கும். தோற்காவிட்டால் மூன்றாம் இடம். ஒரு கோல் பின்னுக்கு நின்றோம். கடைசிக் கட்டத்தில் சால்வோ ஒரு கோல் அடித்தான். பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கட்டிப்பிடிக்கிறார்கள், நான் கொடியை உயர்த்திக்கொண்டு நிற்கிறேன். உள்ளி வெங்காயத்தைத் தாண்டி நின்றது. நான் கண்ணால் கண்டேன். எங்கள் சொந்தப் பிள்ளைகளின் கோல். சால்வோ ஓடி வந்து என் முன்னால் நின்று இரண்டு கையையும் விரித்து அழுதான். ஒன்றுக்குப் பூச்சியம் தோற்று நாலாம் இடத்துக்கு வந்தோம். நீங்கள் வந்து என் தோளில் கையை வைத்து, "சரியாத்தான் பிடிச்சனி. கண்டதைத்தானே சொல்லவேணும்" என்றீர்கள். கண்டதைச் சொல்லவேண்டுமாம். எந்த வாயால் சொன்னீர்கள் அக்கா?

வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். இன்றைக்கு இங்கே நில், உன் சிஞ்ஞோராவிடம் சொல்லிவிட்டேன் என்றீர்கள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்கவேண்டும். சோறு போட்டீர்கள். எனக்குப் பசிக்கவில்லை, சால்வோவின் முகமே கண்ணுக்குள் நின்றது.

"சாப்பிடு."

"பிறகு சாப்பிடுறன் அக்கா."

"முதல்ல சாப்பிடு. பிறகு ஒண்டு கதைக்கவேணும்."

சாப்பிட்டேன். நீங்கள் எதிரே இருந்து நான் விழுங்குவதையே பார்த்தீர்கள். கை கழுவிவிட்டு வந்து இருந்ததும் சொன்னீர்கள். அண்ணா எடுத்த நாளையும் மறைக்காமல் சொன்னீர்கள். மறைத்திருந்தால் எனக்குத் தெரியவே வந்திருக்காது. அதையும் நான் பிறகுதான் யோசித்தேன். அந்த நேரம் எனக்கு நாட்கள்தான் தலைக்குள் ஓடின. சனி, ஞாயிறு. ஞாயிறு கசெற்.

"கசெற்றிலை நான் கதைக்கேக்கை உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"செத்துப்போன மனுசியோடை என்னைச் சிரிச்சுக் கதைக்க விட்டிட்டு இருந்தனீங்களோ?"

"பிள்ளை, அது பன்னிரண்டு நாள் பழைய சேதி. இன்னும் அஞ்சு நாளிலை என்ன மாறப்போகுது? அறிஞ்சிருந்தால் செத்தவீட்டுத் துடக்கு எண்டு நீ மைதானத்துக்கு வந்திருக்கமாட்டாய். வரச்சொல்லிக் கேக்கவும் ஏலாது. அந்தப் பிள்ளையள்…"

"எந்தப் பிள்ளையள்? நாலாம் இடத்துக்கோ? நாலாம் இடத்துக்கோ என்ரை அம்மாவை ஒளிச்சு வைச்சனீங்கள்? அதை முடிவெடுக்க உங்களை ஆர் கேட்டது?"

ஜெறோம் கதவடியில் மண் பிடித்த காலோடு நின்று எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். நான் கோட்டில் பொய் சொல்லாமல் நின்றவள், நீங்கள் ஐந்து நாள் பொய்யோடு என் பக்கத்தில் நின்றவர் என்றும் சொன்னேன். அதைவிட மோசமாகவும் சொன்னேன். பிள்ளை பார்த்துக்கொண்டு நிற்கிறதையும் கணக்கெடுக்காமல் எழும்பிப் போய்விட்டேன், செருப்பைக்கூட ஒழுங்காகக் கொழுவாமல்.

ஏழு மாதம். பலெர்மோ என்ன பெரிய பட்டணமா, பஸ்ஸில் உங்களைக் கண்டால் இறங்கிவிடுவேன். முதல் வியாழனே சிஞ்ஞோரா வீட்டு வாசல்காரன் ஒரு கடதாசிப் பையைத் தந்தான். எட்டுத் தோடம்பழத் துண்டு, ஒரு சுருளில் உப்பும் தூளும். ஒரு வரி எழுத்தில்லை. குப்பையில் போட்டேன். அடுத்த வியாழனும் வந்தது. அதற்கடுத்ததும். தோடம்பழம் இல்லாத கோடையில் பீச் பழம் மாதிரி வேறெதையாவது கொடுத்துவிடலாமே, இல்லை, எங்கிருந்தோ வாடின தோடம்பழத்தையே தேடி எடுத்து அனுப்பினீர்கள். கொண்டுவந்து கொடுப்பது ஜெறோம் என்று ஒருநாள் வாசலில் கண்டபோதுதான் தெரிந்தது. அவனோடு எனக்கென்ன கோபம்? எப்படியடா இருக்கிறாய் என்று கேட்டேன்.

"என்ன அன்ரி, இப்பதான் மீன் திரும்பத் தொடங்கியிருக்கு எங்கட வீட்டிலை" என்றான், பாதி தமிழ் பாதி சிசிலி இழுவையில். "உங்கட அம்மா செத்ததுக்கு எங்களுக்கும் மீன் இல்லை, முட்டை இல்லை. முப்பத்தொரு நாள். அப்பா கத்தினார், நாங்கள் வேதக்காரர், எங்களுக்கென்ன துடக்கு எண்டு. அம்மா கேக்கேல்லை. உங்களுக்குத் தெரியாத நாளுக்கும் சேத்துப் பிடிக்கவேணுமாம்."

அவன் போனபின் வாசல் படியிலேயே இருந்தேன். பூனைக்குப் போட்ட மத்தி நினைவு வந்தது. நோகாத இடது கால் நினைவு வந்தது. துடக்கில் மீன் தின்னக்கூடாது, கோயிலுக்குப் போகக்கூடாது என்பதெல்லாம் எப்போதோ தேநீரோடு நான் உங்களுக்குச் சொன்ன கதைகள். எனக்குத் தெரியாமலே என் துடக்கை எனக்காக நீங்கள் காத்து வந்திருக்கிறீர்கள். என் கையில் அன்றைய பை இருந்தது. பிரித்துத் தின்றேன். ஆனால் உங்களிடம் வரவில்லை. பிடிவாதம் அக்கா, வேறென்ன. கசெற்றை மறக்க முடியவில்லை.

மார்கழியில் ஒரு வியாழன் கால் தானாகப் பிரான்காச்சோ பஸ்ஸில் ஏறியது. புதுப் பருவம் தொடங்கியிருந்தது. யாரோ ஒரு சிசிலித் தகப்பன் எங்கள் சிவப்புக் கொடியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கோட்டில் நின்றான். இடைவேளையில் உங்களுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். நீங்கள் நிமிர்ந்து பார்த்தீர்கள்.

"வந்திட்டியோ?"

"ஓம்."

வாளியில் இருந்து ஒரு துண்டை எடுத்துத் தந்தீர்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பந்தடி இன்னும் மூன்று பருவம் நடந்தது, புரொபெசோரேக்கு ஏலாமல் போகும்வரை. சால்வோ மெக்கானிக் ஆனான். தெருவில் என்னைக் கண்டால் இன்றைக்கும் ஒரு கையை மேலே உயர்த்திக் கொடி காட்டிவிட்டுத்தான் போவான். ஜெறோம் படித்து வடக்கே மொதெனாவுக்கு வேலைக்குப் போனான். நீங்களும் நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் வாங்கினோம், சண்டை பிடித்தோம், தலை நரைத்தோம். அந்த ஐந்து நாளைப் பற்றி மட்டும் ஒரு சொல் கதைக்கவில்லை. நீங்கள் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. சில ஞாயிறுகளில் மீன் பொரித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று நிறுத்தி என் முகத்தைப் பார்ப்பீர்கள், நான் வேறெதையாவது கதைக்கத் தொடங்கிவிடுவேன். நீங்கள் எதற்குப் பார்த்தீர்கள் என்று எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும்.

இனிச் சொல்லப்போவது உங்களுக்குத் தெரியாதது.

உங்களை ஆஸ்பத்திரியில் போட்ட நாலாம் நாள் விடிய ஜெறோம் மொதெனாவில் இருந்து காரில் புறப்பட்டான், மனைவியும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் காரில். நீங்கள் பத்து மணிக்குப் போனீர்கள். நான் பக்கத்தில் இருந்தேன். உங்கள் கை என் கைக்குள் இருந்தது, அது உங்களுக்குத் தெரிந்ததோ என்னவோ. நாப்போலி தாண்டும்போது அவன் எடுத்தான்.

"அன்ரி, அம்மாக்கு எப்பிடி?"

எனக்கு முன்னால் அந்த நீள வீதி முழுக்கத் தெரிந்தது. அவன் கையில் கார் ஸ்ரியறிங், பின்னால் பிள்ளைகள்.

"நித்திரை கொள்ளுறா அப்பன். நீ ஆறுதலா வா."

கப்பலில் கார் ஏறியபின்னும் எடுத்தான். அப்போதும் அதையே சொன்னேன். வந்து சேர்ந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடப் பார்த்தவனைப் பிடித்து, முதலில் ஒரு வாய் சாப்பிடு என்று உங்கள் மேசையில் இருத்தினேன். எனக்கே கேட்டது அக்கா, என் வாயில் உங்கள் குரல். அவன் சாப்பிட்டான். பிறகு சொன்னேன். மணியையும் மறைக்காமல் சொன்னேன், நீங்கள் எனக்கு நாளை மறைக்காததுபோல.

அவன் விரலால் ஏதோ கணக்குப் பார்த்தான்.

"நான் நாப்போலியிலை எடுக்கேக்கை அம்மா இல்லை."

"இல்லை அப்பன்."

"என்ரை பிள்ளையளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தனான், அப்பம்மாட்டை போறம் எண்டு. பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தனாங்கள்." பிறகு இத்தாலியனில், மெதுவாகச் சொன்னான்: "அதை முடிவெடுக்க உங்களை யார் கேட்டது?"

அவன் சின்னப் பெடியனாகக் கதவடியில் நின்று அதைக் கேட்டவன். எங்கே கேட்டது என்று அவனுக்கு நினைவிருக்காது. எனக்கு இருந்தது. அடக்கம் முடித்துப் போனவன் இரண்டு மாதமாக என்னோடு கதைக்கவில்லை. எடுத்தால் அவன் மனைவிதான் கதைக்கிறாள், அவர் வேலை என்கிறாள்.

உங்கள் அலுமாரியை ஒதுக்கியது நான்தான். செபமாலை வைக்கிற பிஸ்கற் பெட்டிக்குள் அந்தச் சிவப்புக் கொடி இருந்தது, அதற்குள் சுற்றி அந்தக் கசெற். அனுப்பவும் இல்லை, எறியவும் இல்லை. போட்டுக் கேட்க என்னிடம் ரேப் ரெக்கோடர் இல்லை, இருந்தாலும் கேட்பேனோ தெரியாது. கொடியை என் கட்டிலடியில் வைத்திருக்கிறேன். உங்களுக்காக நானும் முப்பத்தொரு நாள் மீன் தின்னவில்லை. உங்கள் வேதத்தில் அப்படி ஒன்று இல்லை, எனக்கும் தெரியும். என் அம்மாவுக்கு நீங்கள் துடக்குப் பிடிக்கவில்லையா?

இன்று வியாழக்கிழமை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பி, வெட்டின துண்டுகளை நானே தின்றேன். வெட்டினது மொதெனாவுக்குப் போய்ச் சேராது. எட்டு முழுத் தோடம்பழத்தை ஒரு பெட்டியில் அடுக்கி, உப்பும் தூளும் கலந்து சுருளில் கட்டி நடுவில் வைத்து, ஜெறோமின் விலாசம் எழுதியிருக்கிறேன். கடிதம் வைக்கவில்லை. குப்பையில் போட்டாலும் போடட்டும், அடுத்த வியாழனும் அனுப்புவேன்.

போவதற்கு முன் உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அந்த வாசல் படியில் இருந்து தோடம்பழம் தின்றேனே, ஜெறோம் மீன் கதை சொன்ன அன்று, அன்றைக்கே நான் உங்களை மன்னித்துவிட்டேன் அக்கா. கசெற்றையும் சேர்த்துத்தான். கொஞ்சம் கிடந்து தவிக்கட்டும் என்று சொல்லாமல் விட்டேன், பிறகு சொல்ல வெட்கமாகப் போயிற்று, பிறகு பழகிப் போயிற்று. நீங்கள் என்னிடம் ஐந்து நாள் ஒரு சேதியை ஒளித்தீர்கள். நான் உங்களிடம் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஒளித்தேன், நீங்கள் மீன் பொரிப்பதை நிறுத்தி என் முகத்தைப் பார்த்த ஒவ்வொரு ஞாயிறும். கடைசி நாள் உங்கள் கை என் கைக்குள் இருந்தபோதுகூட, நாளைக்குச் சொல்லுவம் என்று இருந்துவிட்டேன்.

இப்போது சொல்கிறேன். தபாற்கந்தோர் பன்னிரண்டு மணிக்குப் பூட்டிவிடும், நான் போயிட்டு வாறன்.

உங்கள் தங்கச்சி